பின்னிணைப்பில் ஒரு காதல்

கேள்வி: டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் உலகம் அவ்வளவு விரிவு, காதல் மட்டும் ஏன் இத்தனை சிக்கனம்?

பதில்: 1954-55இல் மூன்று தொகுதிகளாக வந்த அந்த நாவலில் வரைபடம், வம்சாவளி, நாள்காட்டி, எல்ஃப் இனத்துக்கென்று இலக்கணத்தோடு மொழிகள் என எதற்கும் குறைவில்லை. அரசனாகப் போகும் அரகார்னுக்கும் எல்ஃப் குலத்து அர்வெனுக்குமான காதல் கதைக்கு வாய்த்ததோ பின்னிணைப்பில் சில பக்கங்கள். நாவலுக்குள் அர்வென் எல்ஃபுகளின் ஊரான ரிவெண்டெலில் நடக்கும் விருந்தில் தென்படுகிறாள். இடையில் ஒரு கொடியைத் தைத்து அனுப்புகிறாள். பிறகு நேரே கல்யாணத்துக்குத்தான் வருகிறாள். பெண் பார்க்கும் படலத்தில்கூட இதைவிடக் கூடுதலாகப் பேச்சு நடக்கும். கதை பெரும்பாலும் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் கண் வழியே நகர்வதும் ஒரு காரணம். காதலர்கள் தனித்திருக்கும் இடத்தில் ஹாபிட்டுகளுக்கு என்ன வேலை? நாவலைப் படமாக்கிய பீட்டர் ஜாக்சனோ, குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃபின் குதிரைச் சவாரியைப் பறித்து அர்வெனுக்குக் கொடுத்து அவள் பங்கைக் கூட்டினார். ஆனால் டோல்கீன் காதல் அறியாதவர் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அவர் கல்லறையில் மனைவியின் பெயரோடு, அவர் படைத்த காதலி லூத்தியனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.