நாஞ்சில் நாட்டில் வழி கேட்டல்: ஸ்பானியர் பொருட்டு ஓர் ஆய்வு

வழி கேட்டல் என்னும் துறையில் அறிஞர்கள் இதுவரை கேள்வியை மட்டுமே ஆராய்ந்திருக்கிறார்கள். பதிலைத் தொட்டவர் யாருமில்லை. ஸ்பானிய மொழிப் பாடநூல் எதைப் புரட்டினாலும் தொடக்கத்திலேயே 'தோந்தே எஸ்தா லா எஸ்தாசியோன்?' என்று ரயில் நிலையத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். கேட்பது சுலபம். எதிரில் நிற்பவர் வாயைத் திறந்ததும்தான் வினை. 'தெரேச்சா' என்றால் வலப்பக்கம். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'தெரேச்சோ' என்றால் நேராகப் போ. கடைசி உயிரெழுத்தைக் காது கோட்டைவிட்டால் ஆள் வேறு தெருவில் நிற்பார்.

இந்த ஆபத்து நாஞ்சில் நாட்டில் இல்லை. இங்கே வலமும் கிடையாது, இடமும் கிடையாது. வடக்கே மலை, தெற்கே கடல், நடுவில் சானல் என்கிற பாசனக் கால்வாய் என்று பூமியே திசை காட்டிக்கொண்டிருக்கும்போது கையைப் பார்த்துத் திசை சொல்வது அநாகரிகம். அடுக்களையில் 'அந்தச் சருவத்தைக் கொஞ்சம் மேக்க நீக்கி வை' என்று மாமியார் சொல்ல, மருமகள் யோசிக்காமல் நகர்த்துகிற ஊர் இது.

இம்மண்ணில் நடந்த முதல் ஸ்பானிய கள ஆய்வாளர் என்று புனித சவேரியாரைக் கொள்ளலாம். இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார் பகுதியில் 1506இல் பிறந்தவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், முத்துக்குளித்துறை மக்களின் மொழி மலபார், தன் தாய்மொழியோ பாஸ்கு, ஆகவே ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். (தமிழைத்தான் அன்றைய ஐரோப்பியர் மலபார் என்றார்கள்.) அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக எழுதினார். மொழி புரியாதவரால் இது எப்படி முடிந்தது? சமய வரலாற்றாளர்கள் இதற்குப் பல காரணம் சொல்வார்கள். நம் துறையின் விடை ஒன்றே: அவர் கடற்கரையோடு நடந்தார். ஒரு பக்கம் கடல் இருக்கும்வரை யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சிக்கல், கடலை விட்டு உள்ளே இருக்கும் கோட்டாறு போன்ற ஊர்களில்தான். அங்கே அவர் யாரிடம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பது இனிவரும் ஆய்வாளர்களுக்கான முனைவர் பட்டத் தலைப்பு.

இனிப் பாடநூல் கேள்வியை நாகர்கோவிலில் வைத்துச் சோதிப்போம். இடம், 1893இல் எழுந்த மணிமேடை. 'ஸ்டேஷன் எங்கே?' என்று கேட்டால் பதில் வராது; கேள்விதான் வரும். 'எந்த ஸ்டேஷன்? டவுனா, ஜங்ஷனா?' பஸ் ஸ்டாண்டும் அப்படியே. திருநெல்வேலிக்கு என்றால் வடசேரி, பக்கத்து ஊருக்கு என்றால் அண்ணா பஸ் ஸ்டாண்ட். போகுமிடத்தைச் சொல்லாதவருக்குப் புறப்படுமிடத்தைச் சொல்ல முடியாது. தர்க்கத்தில் இதை மறுக்க வழியில்லை.

வீடு தேடுகிறவர் கதை இன்னும் ஆழமானது. நாகர்கோவிலை அடுத்த பெருவிளையில் மேலப்பெருவிளை உண்டு, கீழப்பெருவிளை உண்டு. டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர் முதலில் வருகிறவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

'யாருக்க வீட்டுக்கு?'

பெயர் சொன்னால் போதாது. என்ன வேலை, பெண் எடுத்தது எந்த ஊரில், தம்பி கல்ஃபிலா என்று விசாரணை போகும்.

'வோ, நம்ம டீச்சருக்க வீடா! மேக்க பாத்துப் போங்க. சானல் வரும். சானல் கரையில திரும்பப்படாது, கேட்டியளா. தாண்டுனா மாவு மில்லு. மில்லு இப்பம் இல்ல, ஆனாலும் மில்லுன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ. அதுக்க தெக்க ஒரு முடுக்கு. முடுக்குல நொழஞ்சி யாருட்ட கேட்டாலும் சொல்லுவாவ.'

இடிந்துபோன மில்லை அடையாளம் சொன்னதற்காக அவரைக் குறை சொல்லலாகாது. கட்டடம் போகும், பெயர் நிற்கும். வழி சொல்கிறவர் நம்புவது நிற்பதைத்தான். கடைசி வாக்கியம் மட்டும் தனிக் கவனத்துக்குரியது. நாஞ்சில் நாட்டில் எந்த வழியும் முழுதாகச் சொல்லப்படுவதில்லை. மிச்சத்தை அடுத்த முக்கில் நிற்பவருக்கு விட்டுவைப்பது மரபு. அவருக்கும் விசாரிக்க ஏதாவது வேண்டாமா?

தூரத்தைப் பொறுத்தவரை அலகு ஒன்றே: 'இந்தா, கிட்டதான்.' இது நூறு அடி முதல் மூன்று கிலோமீட்டர் வரை செல்லும். வெயில் இதில் கணக்கில் வராது.

கண்ணாடிப் பாலம் பார்க்கக் கன்னியாகுமரிக்கு வரும் ஸ்பானிய நண்பர்கள் உள்ளூர்ப் பக்கம் திரும்புவதாக இருந்தால் 'தோந்தே எஸ்தா'வோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யார் வீடு, அவர் என்ன வேலை, நமக்கு அவர் என்ன முறை ஆகிய மூன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். லாட்ஜுக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் முதலாளியின் சொந்த ஊரையாவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.