மூணு கால் போதுமா?

லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்றை இழந்த தெருநாயை வளர்க்கப் போகிறேன் என்கிறாள் மகள். மூன்று கால் நாயை யாராவது வளர்ப்பார்களா?
*– வாசகர், பேராவூரணி*

தான் பிடித்த முயலுக்கே மூன்று கால் என்று சாதிக்கிற ஊர் இது. உங்கள் மகள் பிடித்த நாய்க்கு நிஜமாகவே மூன்று கால், விடுவாளா? நாயின் எடையில் பாதிக்கு மேல் தாங்குவது முன்னங்கால்கள்தான். பின்னங்கால் ஒன்று போனாலும் ஓடும். உடம்பு பெருக்க மட்டும் விடாதீர்கள். டைல்ஸ் தரை வழுக்கும், சாக்கை விரித்துப் போடுங்கள்.

இரண்டு பின்னங்காலும் செயலிழந்த நாயென்றால்?

உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது? இப்படிப்பட்ட பல நாய்களுக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. அடிவயிற்றை இதமாக அழுத்தி, தினமும் மூன்று நான்கு முறை வெளியேற்ற வேண்டும். நடவு நாளானாலும் கல்யாண வீடானாலும் இதற்கு லீவு கிடையாது. தேங்கினால் கிருமித்தொற்று வந்துவிடும். அழுத்தும் பக்குவத்தை டாக்டர் பக்கத்தில் நின்று, உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொண்ட பிறகு நாயை அழைத்து வாருங்கள். பாவம் பார்த்து எடுத்துவிட்டுப் பத்தாம் நாள் திருப்பி விடுவது, அதற்கு இரண்டாவது விபத்து.

வெள்ளை ராஜபாளையம் குட்டி, கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை. திமிரா?

காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. கைச்சைகையில் பழக்குங்கள், கற்றுக்கொள்ளும். தூங்கும்போது சட்டென்று தொடாமல் தரையைத் தட்டுங்கள். அதிர்வை உணர்ந்து எழுந்து வரும்.