வலது கிளிக்கில் பிறக்கும் அதிகாரம்: உடுமலை வட்டார ஆய்வு

2009-ஆம் ஆண்டு உடுமலைப்பேட்டை இரண்டு நிர்வாக மாற்றங்களைக் கண்டது. பிப்ரவரியில் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தோம். அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வெளிவந்தது. டாஸ்க்பார் ஐகானை வலது கிளிக் செய்தால் வேலைப் பட்டியல் ஒன்று மேலெழும் வழக்கம் அதோடு வந்தது. முதல் மாற்றத்துக்கு அரசாணை உண்டு. இரண்டாவதைப் பற்றி ஆய்வுலகம் வாயே திறக்கவில்லை. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

ஆய்வுக் களம்: நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸ். நூல் மூட்டை ஏற்றிய லாரி திருப்பூர் கிளம்பத் தயார். கேட் பாஸ் மட்டும் பிரிண்டருக்குள் சிக்கிக் கிடக்கிறது. அச்சு வரிசையை நிறுத்த, கிளார்க் பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' என்று அடிக்கிறார். 'சிஸ்டம் எரர் 5, அனுமதி இல்லை' என்று பதில் வருகிறது. "ஏனுங்க, நான்தானுங்க அட்மின்!" என்று திரையிடம் முறையிடுகிறார்.

முறையீடு நியாயம்தான், ஆனால் செல்லாது. 2007-இல் வந்த விஸ்டா தொடங்கி, அட்மினாகவே உள்ளே நுழைந்தாலும் விண்டோஸ் முதலில் சாதாரண அதிகாரத்தைத்தான் கொடுக்கும். மில் முதலாளியே ஆனாலும் வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதலாளி. திறந்து கிடக்கும் பவர்ஷெல்லுக்கு நடுவில் அதிகாரம் ஏற்றவும் வழியில்லை. புதிதாக ஒன்றைத்தான் திறக்க வேண்டும்.

திறப்பதில் இரு மரபுகள் உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் மரபினர் ஐகானை வலது கிளிக் செய்து, எழும் பட்டியலில் உள்ள பெயரை மறுபடியும் வலது கிளிக் செய்ய வேண்டும். இதைத் தானாகக் கண்டுபிடித்தவர் யாராவது இருந்தால் அவருக்கு முனைவர் பட்டமே தரலாம். பவர்ஷெல் மரபில் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முதல் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கும். 2018 ஜனவரியில் வந்த பவர்ஷெல் 6.0-இல் அந்த வரியைக் காணவில்லை. செப்டம்பரில் வந்த 6.1-இல்தான் அது திரும்பக் கிடைத்தது.

அந்த வரி எப்படி அங்கே வருகிறது என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. வரி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று விண்டோஸிடம் கேட்டறிய வழி கிடையாது. அதனால் திறக்கும்போதெல்லாம் பவர்ஷெல் அதைப் புதிதாக எழுதிவைக்கிறது. இதற்குச் சுமார் 55 மில்லிசெகண்ட் பிடிக்கும் என்று நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. நாம் காத்திருக்கக் கூடாதென்று அந்த வேலை பின்னணியில் தனியாக நடக்கிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும் ரிங் ஸ்பிண்டில் அந்த நேரத்துக்குள் 16 சுற்றை முடித்துவிட்டிருக்கும். பஞ்சாலைப் பகுதியில் இது அற்ப நேரம் ஆகாது.

இடையில் கிடைத்த ஓர் உண்மையை மறைப்பது ஆய்வறம் அல்ல. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு டாஸ்க்பார் ஐகானை ஒருமுறை கிளிக் செய்தால் போதும். திரை மங்கி அனுமதி கேட்கும், 'யெஸ்' கொடுத்தால் அட்மின். பட்டியலே தேவையில்லை, விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஆராய்ச்சியில் நாட்டமில்லாதவர்கள் இதையே செய்துகொள்ளலாம்.