அட்மிஷனுக்கு வெறுங்கை

லெக்சிங்டன், மாசசூசெட்ஸ்
25 ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். வாசலில் முழங்கால் உயரம் பனி. அள்ளிக் கொட்டியதில் என் இடுப்புக்கு மட்டும் சௌக்கியம் போதவில்லை.

நீங்கள் கொடுத்தனுப்பிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, உச்சியிலிருக்கும் அன்னத்தின் அலகுகூட வளையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் உங்கள் உத்தரவுப்படி அதை, உங்கள் பேத்திக்கு சீட்டுக் கேட்டிருக்கும் பள்ளியின் அட்மிஷன் அம்மாளிடம் கொடுக்க வழியில்லை. எங்கள் சுவாமி அலமாரியிலேயே வைத்துவிட்டோம். ஐந்து முகமும் ஏற்றினால் கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறுகிறது. வெள்ளிக்கிழமையானாலும் ஒற்றைத் திரிதான்.

"சீட்டுக் கேட்டுப் போகிறவன் வெறுங்கையோடா போவான்?" என்பீர்கள். இங்கே அப்படித்தான் போக வேண்டும். தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, ஆசிரியர்களின் சிபாரிசு, பிள்ளைக்கு ஒரு இன்டர்வியூ, பெற்றோருக்குத் தனியாக இன்னொன்று. முடிவு மார்ச் 10. அதற்குள் அரைக்கிலோ அல்வா போனாலும் காரியம் கெட்டது. எம்.எல்.ஏ. கடிதமும் வேண்டாம் மாமா. ஃபைல் பருக்கப் பருக்கப் பிள்ளை மக்கு என்று இங்கே அட்மிஷன்காரர்களிடையே ஒரு வசனமே உண்டு. ஒற்றைச் செருப்பை அனுப்பி, "ஒரு கால் வைத்தாயிற்று, மற்றதையும் வைக்க விடுங்கள்" என்று எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அரசுப் பள்ளி என்றால் சட்டமே இருக்கிறது. இந்த மாநிலத்தில் அரசு ஊழியர் யாரும், ஆசிரியர் உட்பட, வேலையை முன்னிட்டு வரும் பரிசு 50 டாலரோ அதற்கு மேலோ பெறுமானால் தொடக்கூடாது. வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து, யார் எவ்வளவு போட்டார் என்று காட்டாமல் கொடுத்தால் 150 டாலர் வரை போகலாம். மொய் நோட்டு இல்லாத மொய்! நம் ஊரில் இதற்கு யார் வருவார்கள்?

தடையில்லாத மரியாதை ஒன்றே ஒன்று: இன்டர்வியூ முடிந்ததும் பிள்ளை தன் கைப்பட எழுதும் நன்றிக் கார்டு. உங்கள் பேத்தி நாலே வரி எழுதினாள். களிமண் கூடத்தில் அந்த அம்மாள் சூளையைக் காட்டினாராம். விரிசல் விட்ட குவளையையும் எறியாமல் அலமாரியில் வைத்திருந்தது தனக்குப் பிடித்தது என்று எழுதியிருந்தாள். "பள்ளியின் பெருமையைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளேன்" என்றேன். "அது அவங்களுக்கே தெரியும்ப்பா" என்று உறையை ஒட்டிவிட்டாள்.

பெரிய தொகை கொடுக்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2019-இல் பாஸ்டன் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்த கல்லூரி அட்மிஷன் ஊழல் நினைவிருக்கும். தரகர் ரிக் சிங்கர் மூன்று வாசல் சொன்னார்: படித்து நுழைவது முன்வாசல், கல்லூரிக்கே பெருந்தொகை நன்கொடை தருவது பின்வாசல், தான் திறப்பது பக்கவாசல். மகளின் தேர்வு விடைகளைத் திருத்த 15,000 டாலர் கொடுத்த நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள் சிறை. சிங்கருக்கு மூன்றரை வருஷம். பின்வாசல்காரர் மேல் கேஸ் ஏதும் இல்லை. அவர் பெயரைக் கட்டட நெற்றியில் பொறிக்கிறார்கள். அல்வாவுக்கு வெட்கப்படுகிறவர்கள் ஆடிட்டோரியத்துக்கு வெட்கப்படுவதில்லை.

நீங்கள் மனம் தளர வேண்டாம். சீட்டு கிடைத்த பிறகு பள்ளியே வருஷா வருஷம் நன்கொடை கேட்டுக் கடிதம் போடுமாம். பெற்றோரில் நூற்றுக்கு நூறு பேரும் கொடுத்தார்கள் என்று காட்டுவதில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை. பத்து டாலரும் கணக்கில் சேரும். ரசீது உண்டு, வரிவிலக்கும் உண்டு. முப்பது வருஷம் பள்ளிக் கமிட்டியில் கட்டட நிதி வசூலித்த உங்களுக்கு அந்தக் கடிதத்தின் நடை நன்றாகவே புரியும். வந்ததும் அனுப்புகிறேன்; பதிலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

மாமிக்கு நமஸ்காரம் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமான்