ஒட்டகம் நடந்தால் பள்ளிக்கூடமும் நடக்கும்

மினியாபோலிஸ்,
டிசம்பர் 28, காலை

அன்புள்ள அத்தைக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "இருடி, குக்கர் சத்தம் போடுது" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் காகிதம். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். வெளியே மைனஸ் 20. குப்பை போட இறங்கிப் போய் வந்தேன், விரல்கள் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை.

முதலில் சேதி. நானும் வாத்தியார் ஆகப்போகிறேன். சம்பளம் கிடையாது, வாங்கினால்தான் குற்றம். உங்கள் மாப்பிள்ளையின் வேலை விசாவில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்த விசா என்னுடையது. பச்சை அட்டை வரிசையில் அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால்தான் எனக்கு வேலை செய்ய அனுமதி. அதுவரை கூலியில்லாத தொண்டு செய்துகொள்ளலாமாம். கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது, அந்தத் துறையில் எனக்கு அனுபவம் இல்லையா என்ன? வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டேன். கீரனூர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷில் 41 மார்க் வாங்கியவள் அமெரிக்காவுக்கு வந்து இங்கிலீஷ் சொல்லித்தருகிறாள் என்று ஊரில் பரப்ப வேண்டாம். அப்பாவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

டிசம்பரில் நான்கு சனிக்கிழமை பயிற்சி. முதல் நாளே ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொருவரும் தன் தாய்மொழியில் ஐந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், வாயில் ஒரு சொல் இங்கிலீஷ் வரக்கூடாது. ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியட்டும் என்பதற்காக. நான் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நீட்டி, "இது வாழைப்பழம்" என்றேன். பத்து அமெரிக்கர்கள் ஒரே குரலில் "வாளப்பளம்" என்றார்கள். எனக்கோ ஆச்சரியம். நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் கேட்கிற அதே உச்சரிப்பு! திருத்தாமல் கைதட்டி உட்காரவைத்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் மானம் போனது. பயிற்சி தருகிற அம்மாள் ஸ்டாப் வாட்சோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடப் பாடத்தில் நான் பேசியது எட்டே முக்கால் நிமிடம். மாணவர்களுக்கு மிச்சம் ஒன்றேகால், அதிலும் பாதி இருமல். இதை அந்த அம்மாள் நேரே சொல்லவில்லை. "உன் புடவை அழகு, நீ கொஞ்சம் அதிகம் பேசுகிறாய், உன் சிரிப்பு அழகு" என்று இரண்டு பாராட்டுக்கு நடுவே குறையைச் செருகிக் கொடுத்தார். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பீர்களே, அதே முறை.

இந்த மினசோட்டா மாநிலமே அப்படித்தான். மூன்றாவது சனிக்கிழமை பண்டிகை விருந்து, ஆளுக்கொரு பதார்த்தம். நான் புளியோதரை. ஒரு பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை அகல விரித்து, "ஓ, வித்தியாசமா இருக்கே!" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரவு இவரிடம் சொன்னேன். ஆறு வருஷமாக இங்கே இருப்பவர், விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ஊரில் "நல்லா இல்லை" என்று யாரும் சொல்லவே மாட்டார்களாம், அதற்குப் பதில்தான் "வித்தியாசம்".

பழிவாங்க அதிக நாள் காத்திருக்கவில்லை. அந்தப் பாட்டியே கிறிஸ்துமஸ் வாரம் தன் சர்ச்சில் சாப்பாட்டுக்கு அழைத்தார். இந்த ஊர்க்காரர்களில் பலருக்கு முன்னோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்து கொண்டுவந்த பண்டிகைச் சாப்பாடு லூட்டஃபிஸ்க். கேளுங்கள் அத்தை: மீனைக் காயவைத்துக் கருவாடாக்குகிறார்கள். அதுவரை சரி, நம்ம மீமிசல் ஆட்கள் போலத்தான். பிறகு அதைக் கார நீரில் ஊறவைக்கிறார்கள். சோப்புக் காய்ச்சப் போடுகிற காரம். பிறகு நாள்கணக்கில் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி அந்தக் காரத்தைப் போக்கி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றித் தருகிறார்கள். தட்டில் நுங்கு மாதிரி ஆடியது. நாற்றம் கருவாடு, உடம்பு நுங்கு. பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் விழுங்கிவிட்டு, கற்றுக்கொண்ட ஊர்ப் பாஷையில் நானும் சொன்னேன்: "வித்தியாசமா இருக்கே!"

25ஆம் தேதி இங்கே பந்த் நடந்தது போல இருந்தது. கடை இல்லை, தெருவில் ஆள் இல்லை. பட்டாசு வெடிக்காத பண்டிகையைப் பண்டிகை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மெதுவடை சுட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் பனி கொட்டியது. இங்கே அதற்கொரு சட்டம் இருக்கிறது. நகராட்சி பனி அவசரம் என்று அறிவித்துவிட்டால் முதல் நாள் ராத்திரி பெரிய சாலைகளில் கார் நிற்கக் கூடாது. இரண்டாம் நாள் மற்றத் தெருக்களில் இரட்டைப்படை வீட்டெண் இருக்கிற பக்கம் நிற்கக் கூடாது. மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம். பனி வழிக்கிற வண்டி வர வேண்டுமாம். தப்பான பக்கம் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு இது பெரிய கஷ்டமில்லை. இவர்தான் தினமும் காலண்டரும் கையுமாக அலைகிறார்.

இனிதான் விஷயம். நேற்று 27. வழக்கமான ஆசிரியர்கள் எல்லாரும் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேர் சோமாலியாக்காரர்கள். இந்த ஊரில் அவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை இல்லையே, "எங்களுக்கு எதற்கு லீவு?" என்று கேட்டுவிட்டார்கள். ஆகவே பயிற்சி முடியாத எங்களையே களத்தில் இறக்கினார்கள்.

முதல் பாடம் மருந்துப் பாட்டில் சீட்டைப் படிப்பது. தினம் ஒரு தரம் என்பதற்கு இங்கிலீஷில் 'ஒன்ஸ்' என்றுதான் போட்டிருக்கும். அதே எழுத்துக்களை மெக்சிகோக்காரர்கள் ஸ்பானிஷில் 'ஓன்சே' என்று படிப்பார்கள். அர்த்தம் பதினொன்று! வகுப்பில் அப்படிப் படித்த ஒரு அம்மாள், நல்லவேளை, மாத்திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டார்.

அடுத்து ஒரு சோமாலியப் பெரியவர். வெள்ளைத் தொப்பி, மருதாணியில் சிவந்த தாடி. கையில் அபராதச் சீட்டு. "டீச்சர், பார்க்கிங் பண்ணினதுக்கு டிக்கெட்" என்றார். எனக்கு நாய் குரைத்ததற்கு டிக்கெட் என்பது போலக் கேட்டது. அவர்கள் மொழியில் நம் 'பழம்' என்பதில் வருகிற ஓசையே இல்லை. 'கம்பம்' என்பதில் நடுவில் வருகிற ஓசைதான் உண்டு. அதனால் கார் நிறுத்துகிற பார்க்கிங்கும் அவர் வாயில் நாய் குரைக்கிற பார்க்கிங் ஆகிவிட்டது. இந்த வேடிக்கையை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அவரை நான் எந்த முகத்தோடு திருத்துவது?

இடைவேளையில் தேநீரோடு என் பக்கம் வந்தார். உன் பாஷையில் வீட்டுக்கு என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். "ஃபீடு" என்றார். 'வீ' வரவில்லை. ஆனால் அந்த 'டு' இருக்கிறதே, நாக்கை மடித்து, அச்சு அசல் நம்ம 'டு'. நான்கு வாரமாக அமெரிக்கர்கள் ஒருவர் வாயிலும் வராத எழுத்து. அவர்கள் மொழியிலும் அந்த ஓசை உண்டாம்.

பாடம் நடத்த யாரிடம் கற்றாய் என்றார். என் அத்தை என்றேன். 1991இல் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், அரிக்கேன் விளக்கு, வாடகை சைக்கிள் என்று கையால் படம் வரைந்து காட்டினேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அந்த நாளில் சைக்கிள் பழகி முழங்கை சிராய்த்த கதையையும் நடித்தேன். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நானும் டீச்சர்" என்றார்.

1972 வரை சோமாலி மொழிக்கு அரசு எழுத்தே கிடையாது. அந்த வருஷம்தான் ரோமன் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்து வந்தால் போதுமா? 1974இல் ஒரு வருஷத்துக்குப் பள்ளிக்கூடங்களை மூடி, பெரிய வகுப்புப் பிள்ளைகளை நாடோடி இடையர்களுக்குச் சொல்லித்தர அனுப்பிவிட்டார்கள். பெரியவருக்கு அப்போது வயது பதினாறு. ஊர் என்று ஒன்று இருந்தால்தானே பள்ளிக்கூடம் ஓர் இடத்தில் இருக்கும்? இவர்களோ மேய்ச்சலைத் தேடி நடக்கிறவர்கள். "ஸ்கூல் வாக். டீச்சர் வாக். பிளாக்போர்டு ஆன் கேமல்" என்றார். 'வாக்டு' என்று திருத்த வாயெடுத்தேன். ஸ்டாப் வாட்ச் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பால் கறந்து முடிந்த பிறகுதான் பாடமாம். கூலி ஒட்டகப் பால். முதலில் இவர்தான் மாணவர்: ஒட்டகத்தைக் கட்டத் தெரியாத பையனிடம் எவன் எழுத்துக் கற்பான் என்று சிரித்தார்களாம். கட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் கரும்பலகையைத் திறக்க விட்டார்கள். அப்புறம் பெரும் பஞ்சம் வந்தது. கிணறு வற்றி, மந்தை செத்து, பாடம் நின்று தண்ணீர் சுமப்பதே வேலையானது. அதை மட்டும் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டு, பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். எனக்கு ஐந்து வயது, உங்கள் மடியில் மண்ணெண்ணெய் வாடையோடு பாதித் தூக்கம். நீங்கள் அ, ஆ-வில் ஆரம்பித்ததே இல்லை. படிக்க வந்த ஒரு கிழவியிடம் ஆடு எத்தனை குட்டி போட்டது என்று கேட்டுவிட்டு, அவள் எந்தச் சொல்லை அதிகம் சொன்னாளோ அதைப் பலகையில் எழுதுவீர்கள். அது என்ன சொல் என்றுதான் எனக்கு நினைவில்லை.

பெரியவருக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "உன் அத்தையிடம் படித்தவர்கள் முதன்முதலில் தாங்களாகவே என்ன எழுதினார்கள்?" அவருடைய ஆட்கள் ஒட்டகங்களின் பெயரை எழுதினார்களாம், தங்கள் பெயருக்கும் முன்னால். பதில் எழுதுங்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கேட்பார்.

மணி ஏழு ஐம்பது. இன்று மூன்றாம் நாள், கார் ஒற்றைப்படைப் பக்கம் நிற்கிறது, எட்டு மணிக்குள் எடுத்தாக வேண்டும். இவர் இரண்டு கையுறையையும் ஒரே கையில் மாட்டிக்கொண்டு "சாவி, சாவி" என்று குரைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு: போனில் கேட்டீர்களே, கருவாடு அனுப்பட்டுமா என்று. வேண்டாம். பாட்டி பார்த்தால் சோப்புக் காரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.