அப்பத்தாவும் காளையும் அரைச் சூரியனும்

மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்க வாகைமரச் செக்கு வேண்டும், எள்ளும் கடலையும் வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். நம்ம ஆளிடம் இதில் ஒன்றுகூட இன்னும் கிடையாது. ஆனாலும் லோகோ போட ஆள் தேடிக் கிளம்பிவிட்டார்.

மதுரையில் எந்த டிடிபி கடைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் புரூஃப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தவர்கள் அதைவிடச் சீக்கிரம் போய்விடுவார்கள், அவர்கள் அவசரம் அப்படி. இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு, டிசைனர் தம்பியின் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பழைய கம்பெனியின் பெயர் போட்ட லேப்டாப் பை. சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டுத்தாள். லோகோ அந்தத் தாளில் இருக்கிறது. பென்சிலால் வரைந்து, பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரக்கூடிய இடங்களில் அம்புக்குறி போட்டு எழுதியும் வைத்திருப்பார்: ‘இது காளை’.

தாளைப் பிரித்தால் முதலில் தாத்தாவின் செக்கு. அதில் பூட்டிய இரண்டு காளைகள். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன் உதிக்கிறது. கீழே இரண்டு இலை விட்ட கடலைச் செடி, பக்கத்தில் தென்னை, எள்ளுப் பூ. இத்தனைக்கும் நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் அப்பத்தா. “தண்டட்டி தெளிவாத் தெரியணும் தம்பி. அது இல்லேன்னா எங்க அப்பத்தாவே இல்ல.” சுற்றிலும் வளைவாகக் கடைப்பெயர், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அடியில் ‘1962 முதல்’. கடை இன்னும் திறக்கவில்லையே என்று கேட்கக் கூடாது. 1962 தாத்தா செக்கு போட்ட வருஷம். நடுவில் அந்தச் செக்கு விறகாகி அடுப்பில் எரிந்த கதையை லோகோவில் சொல்ல இடமில்லை.

“அண்ணே, பாட்டில் மூடி ஒரு இன்ச்சுதான். இம்புட்டும் அதுல எப்படிண்ணே வரும்?”

“கம்ப்யூட்டர்ல சுருக்கலாம்ல?”

தம்பி கோரல் டிராவில் ஊறியவர். தகராறு செய்ய மாட்டார், சுருக்கிக் காட்டுவார். மூடி அளவுக்கு வந்ததும் அப்பத்தாவும் தென்னையும் ஒன்றாகிவிட்டார்கள். தண்டட்டி இருந்த இடத்தில் தேங்காய் தொங்கியது.

நம்ம ஆள் சளைக்கிறவர் இல்லை. யூடியூபில் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார். “நைக்கி கம்பெனி அந்த டிக் மார்க்குக்கு என்ன குடுத்தான் தெரியுமா? 1971ல வெறும் 35 டாலர். அதுவும் காலேஜ் படிச்ச பொண்ணு போட்டது.” இது கூலி பேச்சு. வரைந்த கரோலின் டேவிட்சனுக்குப் பிற்பாடு கம்பெனி ஷேரும் கொடுத்தது என்பது தம்பிக்கும் தெரியும். “ஷேர் தருவீங்களாண்ணே?” என்றார். “ஒரு லிட்டர் நல்லெண்ணெய் தர்றேன்” என்று உடனே ஒத்துக்கொண்டார் முதலாளி. செக்கு வந்ததும்.

ஆப்பிள் கம்பெனியையும் இழுத்தார். அது தம்பிக்கு வசதியாகப் போய்விட்டது. 1976ல் ரொனால்ட் வேய்ன் வரைந்த முதல் ஆப்பிள் லோகோவைத் தேடி எடுத்துத் திரையில் காட்டினார். மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார், தலைக்கு மேலே ஒரு பழம், சுற்றிலும் ரிப்பன், ரிப்பன் முழுக்க எழுத்து. மறுவருஷமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ராப் ஜேனாஃப் வரைந்த கடித்த ஆப்பிளுக்கு மாறிவிட்டார்கள். நம்ம ஆள் நியூட்டனை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு? இதை ஏன் மாத்துனாய்ங்க?”

கடைசியில் படத்தைக் குறைத்தது தம்பியின் வாதம் அல்ல, அரசியல். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, இரட்டைக் காளையை மறுபடி கொண்டாந்துட்டீங்க?” என்றார். காங்கிரஸ் 1969ல் பிளவுபடும்வரை நுகத்தடி பூட்டிய அந்த ஜோடிக் காளைகள்தான் அதன் சின்னம் என்பது நம்ம ஆளுக்கு அன்றுதான் தெரியும். ஒரு காளையை அவிழ்த்து விட்டார்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மலைக்கு நடுவே உதிக்கிற சூரியனை வைத்தால் ஒரு பாதி ஊர் எண்ணெய் வாங்காது. இரண்டு இலையை வைத்தால் மறுபாதி வாங்காது. கடலைச் செடிக்கு மூன்றாவது இலை முளைத்தது. மாம்பழம், தாமரை, பானை எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்சிக்காரர்கள் கை படாத படம் ஒன்றை யோசித்துப் பாருங்கள், சிரமம் தெரியும்.

சூரியனை மட்டும் விட மனசில்லை. “எங்க தாத்தா விடியக்காலம் மூணு மணிக்குச் செக்கு பூட்டுவாரு தம்பி.”

“மூணு மணிக்கு ஏதுண்ணே சூரியன்?”

பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மலை போனது. கதிர் போனது. காளையின் திமிலுக்கு மேலே சும்மா ஓர் அரைவட்டம் நின்றது. அது சூரியன்தான் என்று முதலாளிக்குத் தெரியும், அவருக்கு அது போதும்.

படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. பெங்களூரு மச்சினன் ‘மினிமலா போடுங்க மாமா’ என்றான். பெரியப்பா கையெடுத்துக் கும்பிடும் பொம்மை அனுப்பினார், அது சம்மதமா காலை வணக்கமா என்று இன்றுவரை தெளிவாகவில்லை. அத்தை, அப்பத்தா போட்டோவை எடுத்தது யாரைக் கேட்டு என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். அந்தச் சண்டையில் அப்பத்தா லோகோவிலிருந்து வெளியேறினார். எண்கணிதக்காரர் இங்கிலீஷ் பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். மஞ்சளிலும் பச்சையிலும் எத்தனை வகை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தார்கள்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நானும் சிரித்தேன்தான். ஆனால் இருபது வருஷம் அடுத்தவன் லோகோ போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தவருக்கு, தன் வீட்டு ஆட்களை ஒரு வட்டத்துக்குள் உட்காரவைக்கும் ஆசை வருவதில் என்ன தப்பு? அந்த ஆசையைக் கடைக்கு வருகிறவனும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கல். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969ல் சைக்கிளில் சலவைத்தூள் விற்கப் புறப்பட்டபோது, மகள் நிருபமாவை நினைத்து நிர்மா என்று பெயர் வைத்தார். பாக்கெட்டில் விளக்கம் எதுவும் அச்சடிக்கவில்லை. வாங்கியவர்கள் அழுக்கு போகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அணில் சேமியா வாங்குகிறவர் அந்த அணிலின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

ஆடிட்டர் சொன்னதுதான் நம்ம ஆளை உண்மையில் உடைத்தது. லோகோவை வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். சமையல் எண்ணெய்க்கு 29ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம் செல்லும், அதற்குமேல் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகும் முன்னால் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டால் குற்றம். இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “கறுப்பு வெள்ளையிலயே பதிஞ்சிருங்க, அப்பத்தான் எல்லா கலருக்கும் பாதுகாப்பு” என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மஞ்சளுக்கு மட்டும் அவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார்!

ஒருவழியாகச் செக்கு வந்தது, எண்ணெயும் வந்தது. எண்ணெய் நன்றாகவே இருந்தது, நான் வாங்கினேன். பாட்டில் ஸ்டிக்கர் நாலு கலர் ஆஃப்செட். அட்டைப்பெட்டிக்குச் செலவைக் குறைக்க ஒரே கலரில் ஸ்கிரீன் பிரிண்டிங். கறுப்பு மையில் கடலைச் செடி கறையாகிப்போனது. செக்கு, காளை பூட்டிய வண்டி மாதிரித் தெரிந்தது. திமிலுக்கு மேலே கதிர் இல்லாத அந்த அரைவட்டம் மட்டும் பளிச்சென்று விழுந்தது.

மளிகைக் கடையில் ஓர் அம்மாள், “அண்ணாச்சி, அந்தக் கொடை மாட்டெண்ணெய் ஒரு லிட்டர் குடுங்க” என்றார். என்ன எண்ணெய் என்று அண்ணாச்சி கேட்கவே இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்தில் மொத்த வியாபாரிகளும் போனில் குடை எண்ணெய் என்றே ஆர்டர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நம்ம ஆள் மறுபடி டிடிபி கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்துத் தம்பி பயந்துபோய், பழைய ஃபைலைத் திறந்து, “கதிரைத் திரும்ப வச்சிரவாண்ணே?” என்றார்.

முதலாளி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

“அதை விடு தம்பி. கொடைக்கு ஒரு கம்பு மட்டும் போட்டுக் குடு.”