எறும்புக்குப் பந்தி வைத்த கதை

எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் எப்போதும் நாலு கிராம்பு கிடக்கும். மேடை ஓரம் மஞ்சள் தூள் கோடு. தேன் பாட்டில் ஒரு கிண்ணத் தண்ணீருக்கு நடுவே இலங்கை மாதிரி நிற்கும். இத்தனை காவலையும் மீறிக் காலைக் காபியில் இரண்டு மூன்று மிதக்கும். "எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்டா" என்பாள் அம்மா. ஐம்பது வருஷமாகத் தின்று வருகிறேன். போன மாதம்தான் கண்ணாடிக்குப் பவர் ஏற்றினார்கள்.

குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று, சமையலறை சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு வரிசை புறப்பட்டது. டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கி, மிக்ஸியை ஒரு சுற்றுச் சுற்றி, நெய் ஜாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. மனைவி சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்தாள். எறும்பு போகிற வழியெல்லாம் ஒரு வாடையைத் தடவிக்கொண்டே போகும். அதைத் துடைத்துவிட்டால் பின்னால் வருவதற்கு வழி தெரியாது. இந்த விஞ்ஞானமெல்லாம் அவளுக்குத் தெரியாது, துடைத்தால் போகும் என்பது மட்டும் தெரியும். எனக்கு விஞ்ஞானம் தெரியும். அதனால் அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஸ்ப்ரே வாங்கி வந்தேன்.

இரண்டே நிமிடத்தில் சுவர் சுத்தம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, எல்லையைக் காத்த அய்யனார் மாதிரி நின்றேன். வாடையில் ராத்திரிவரை யாரும் சமையலறைக்குள் நுழைய முடியவில்லை. எல்லோருக்கும் ஓட்டல் பரோட்டா.

நாலாம் நாள் பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு வரிசை வந்தது. ஆறாம் நாள் பூஜை அலமாரியில் ஒன்று. பத்தாம் நாள் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது, நான் வைத்த முற்றுப்புள்ளி எழுந்து நடந்து போனது.

"ஒரு வரிசைதான் இருந்துச்சு. இப்போ நாலு. நல்லாத்தான் வளர்க்குறீங்க" என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்த எறும்பு மூன்று வகை: கடிக்காத பிள்ளையார் எறும்பு, கடிக்கிற சிவப்பு எறும்பு, கடித்தால் ஊரைக் கூட்டவைக்கிற கட்டெறும்பு. இது எதிலும் சேரவில்லை. ப்ளஸ் டூ படிக்கிற மகள் ஒன்றை செலோடேப்பில் ஒட்டி, என் அப்பா தபால்தலை பார்க்க வைத்திருந்த லென்ஸை நீட்டினாள். இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். தண்ணீர் கலந்த தேன் நிறம். வயிற்றின் நுனி மட்டும் கறுத்திருந்தது. உணர்கொம்பின் முனையில் மூன்று கணு தடித்து, அனுமாரின் குட்டிக் கதாயுதம் மாதிரி இருந்தது. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடு மாடுகளைப் படுத்தி எடுத்ததே, அந்த மஞ்சள் பைத்திய எறும்புதான் நம் வீட்டுக்கே வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். "அது இதுமாதிரி ரெண்டு மடங்குப்பா, காலும் நீளம். இது ஃபாரோ எறும்பு. 1758-லேயே லின்னேயஸ் பேர் வச்சாச்சு" என்றாள் மகள்.

இந்தச் சாதியில் ஒரு கூட்டுக்கே ராணிகள் பல. கல்யாணம் கூட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். மருந்து நெடி பட்டால் முட்டை, புழு, ஒரு ராணி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் கிளம்பிவிடும். ஆக, கைக்காசைச் செலவழித்து நான் செய்துவைத்தது பாகப்பிரிவினை. சாக்பீஸ் கோடு போட்டாலும் இரை தேடி வந்த நாலு கூலிக்காரர்கள்தான் சாவார்கள். ராணிகள் சுவருக்குள் நிம்மதியாக முட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

மருந்து எதுவென்று பார்த்தால், கேரம் போர்டில் தூவுவோமே, அந்த போரிக் பவுடர். பரணிலிருந்த என் காலேஜ் கால டப்பாவில் அது கல்லாகியிருந்தது. மருந்துக் கடைக்குப் போனேன். "கேரமுக்கா சார், எறும்புக்கா?" என்றார் கடைக்காரர். எறும்புக்கு என்றதும் பரிதாபமாகப் பார்த்தார்.

500 மில்லி தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் பவுடர். அதற்கு மேல் கூடாது. கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். அது வயிறு முட்டக் குடித்து, வீடு திரும்பி, வாயோடு வாய் ஊட்டி, ராணிவரை கொண்டுசேர்க்க வேண்டும். சட்டுப்புட்டென்று முடியட்டும் என்று முதல் தடவை நான் கையளவாக அள்ளிப் போட்டேன். பாட்டில் மூடியைச் சுற்றிப் பிணங்கள், சுவருக்குள் சௌக்கியம். இரண்டாம் தடவை மகள் அளந்தாள். குழந்தை கை எட்டாத இடமாகப் பார்த்து, மூடிகளை ஃப்ரிட்ஜின் பின்பக்கமும் பரண் விளிம்பிலும் வைத்தோம்.

மறுநாள் காலை கல்யாணப் பந்தி. தோளோடு தோள் இடித்து, குனிந்த தலை நிமிராமல் குடித்தன. குடிக்கக் குடிக்க வயிறு புடைத்துப் பளபளத்தது. மூன்று நாளில் சர்க்கரை அலுத்துவிட்டது. இதே பவுடரை நெய்யில் குழைத்து வைத்தேன். அதற்கும் கூட்டம்.

அப்போது மனைவி ஈரத்துணியோடு வந்தாள். "தொடாதே! சாப்பிட்டுக்கிட்டு இருக்கு!" என்று அலறிவிட்டேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். "இருபத்து மூணு வருஷத்துல நான் சாப்பிடறப்போ ஒரு நாள் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

அம்மாவுக்கு மட்டும் பூரிப்பு. வாசலில் தினம் அரிசி மாவுக் கோலம் போடுவதே எறும்பு தின்னட்டும் என்றுதான். பிள்ளையும் ஒருவழியாகத் தர்மத்துக்குத் திரும்பிவிட்டான் என்று எதிர் வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுடர் விஷயத்தை நாங்கள் யாரும் அவளிடம் வாய்திறக்கவில்லை.

வரிசைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. மார்கழி பிறந்தபோது ஒன்றுகூட இல்லை. லிஃப்டில் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பேங்க் சாரைப் பார்த்ததும் இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் ஒரு மாசமா ஒரே எறும்பு சார். பொடிப்பொடியா, மஞ்சளா. நேத்துதான் ஸ்ப்ரே வாங்கி கிச்சன் சுவர் பூரா அடிச்சேன். ஒண்ணு இல்லை இப்போ!"

அவர் கிச்சனுக்கும் எங்கள் கிச்சனுக்கும் நடுவே ஒரே சுவர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் லென்ஸை எடுத்துக்கொண்டு, சுவிட்ச் போர்டுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன பண்றீங்க அங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் நெய் உருக்கி வை. விருந்தாளிங்க வர்ற நேரம்."